எத்தனை டிகிரி என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்

வீட்டில் கட்டிங் மெஷின் வைத்துக்கொண்டு, வினைல் என்கிற, சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் எழுத்து வெட்டி டீ-சர்ட்டில் இஸ்திரி போட்டு ஒட்டுகிற எவரையும் கேட்டுப் பாருங்கள். மெஷின் படுத்தும் பாட்டைவிட வினைல் விற்பவர்கள் படுத்தும் பாடுதான் பெரிது என்பார்கள். சென்னைப் பாரிமுனைச் சந்துகளில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் சுருளிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டு நீட்டுகிறார்கள். அது எந்த வகை பிளாஸ்டிக், பி.வி.சி.யா பாலியூரித்தேனா, எத்தனை டிகிரியில் எத்தனை நொடி அழுத்த வேண்டும், எழுத்தைத் தாங்கி நிற்கும் மேல்தாளைச் சூட்டோடு உரிப்பதா ஆறிய பிறகு உரிப்பதா என்று கேட்டால், “அயர்ன் பண்ணா ஒட்டிடும் சார், எல்லாரும் இதான் வாங்கிட்டுப் போறாங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஒட்டத்தான் செய்கிறது, முதல் துவைப்பு வரைக்கும்.

பசை பிடிப்பதற்குச் சூடு, நேரம், அழுத்தம் மூன்றும் கூடி வர வேண்டும். சாதாரண ரகத்துக்குப் பருத்தித் துணியில் 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடும் 10 முதல் 15 நொடியும் பொதுவான கணக்கு. பாலியஸ்டர் என்றால் சூட்டைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சிவப்புத் துணியின் சாயம் மேலேறி, வெள்ளை எழுத்தை இளஞ்சிவப்பாக்கிவிடும். இத்தனை நுணுக்கம் உள்ள பொருளை, மேலே ஒரு வரிகூட இல்லாமல் விற்க எப்படித்தான் மனம் வருகிறதோ! விலை, அளவு, தயாரித்தவர் பெயர் எல்லாவற்றையும் பொட்டலத்தின் மேல் அச்சிடச் சொல்லி 2011இல் விதிகள் வந்தன. ஆனால் பெட்டியைப் பிரித்து மீட்டராக வெட்டித் தரும்போது, அதில் அச்சிட்டிருந்த குறிப்புகள் கடையிலேயே தங்கிவிடுகின்றன.

இஸ்திரிப் பெட்டி செய்பவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. திருகில் பட்டு, கம்பளி, பருத்தி என்று எழுதியிருக்கிறதே தவிர, டிகிரி எங்கே? துணிகளின் சலவைக் குறியீட்டில் இரண்டு புள்ளி என்றால் 150 டிகிரியை ஒட்டிய சூடு வரை தாங்கும் என்று பொருள். பெட்டியின் திருகையும் அதே இரண்டு புள்ளியில் வைத்தாலும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அணைந்து எரிந்து அணைந்து எரிவதில் அடிப்பகுதியின் சூடு ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்டீம் பெட்டியாக இருந்தால், நீராவித் துளைக்கு நேர் கீழே அகப்பட்ட எழுத்துக்குச் சூடே போய்ச் சேராது. போதாக்குறைக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் பருத்தித் துணி ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால், எழுத்தை வைப்பதற்கு முன் வெறும் துணியைச் சில நொடி அழுத்தி உலர்த்த வேண்டும். இதையும் எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை.

உரிந்து போனால் நஷ்டம் வினைல் துண்டோடு நிற்பதில்லை என்பதுதான் எரிச்சலை மூட்டுகிறது. எங்கள் குடியிருப்பில் பொங்கல் விழாவுக்காக டீ-சர்ட்டுகளில் ‘பொங்கலோ பொங்கல்’ என்று போடுவதாக ஏற்பாடு. சில மென்பொருள்களில் தமிழைத் தட்டினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறும் என்பதால், எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அமைத்து, வடிவமாக மாற்றி, இடவலமாகத் திருப்பித்தான் மெஷினுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. வெட்டி முடித்ததும் வேண்டாத வினைலைக் கொக்கி ஊசியால் உரித்தெடுக்கும் வேலை தொடங்குகிறது. கொம்பின் சுழிக்குள் கடுகளவாக ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்கைக் கிளப்பினால் பக்கத்துக் கோடும் கூடவே எழும்பும். அதை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டால், ‘ங்’கின் புள்ளி ஊசி முனையில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து எடுத்த அந்தப் புள்ளிகள்தான் துவைத்ததும் முதலில் காணாமல் போயின. எழுத்து போன இடத்தில் பசைத் தடம் நின்றுவிட்டதால் சட்டையும் பாழ்.

மிச்சமிருந்த வினைலையும் ஒரு சட்டையையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். சட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உங்க அயர்ன் பாக்ஸ் சரியில்ல சார்” என்றார் கடைக்காரர். எத்தனை டிகிரி வந்தால் சரி என்று கேட்டேன். “நல்லா சூடா இருக்கணும்” என்றார்.