யட்சி மரமும் ஆணியும்

ஐப்பசி, கார்த்திகையில் ஏழிலைப்பாலை பூத்துவிட்டால் எங்கள் குமரிப் பக்கத்தில் பெரியவர்கள் பெண்பிள்ளைகளிடம், "முடியக் கெட்டிட்டுப் போ மக்களே" என்பார்கள். அந்த மரத்தில் யட்சி இருக்கிறாளாம். நள்ளிரவில் வெள்ளைச் சேலையும் அவிழ்ந்த கூந்தலுமாக வந்து, தனியாகப் போகிற ஆணிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். மறுநாள் காலையில் அவனுடைய பல்லும் நகமும் முடியும்தான் கிடக்கும். கேரளத்திலும் இதே கதைதான்.

ஏன் இந்த மரம்? பகலில் பார்த்தால் சாதுவாகத்தான் நிற்கும். கணுவைச் சுற்றிக் குடை விரித்ததுபோல பெரும்பாலும் ஏழு இலை வரை, கிள்ளினால் வெள்ளைப் பால், பச்சை கலந்த வெள்ளையில் பொடிப்பொடிப் பூங்கொத்து. பொழுது சாய்ந்த பிறகுதான் மணம் தூக்கும். மரம் கண்ணில் படுவதற்கு முன்பே வாசம் ஆளைப் பிடித்துவிடும். தெருவிளக்கு இல்லாத காலத்தில், இருட்டுக்குள்ளிருந்து வந்த அந்தப் பூவாசத்துக்கு ஒரு பெண்ணுருவம் கொடுத்துவிட்டார்கள்.

சரி, அதுவரை எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். யட்சிகளிலேயே பேர்போனவள் கள்ளியங்காட்டு நீலி. வில்லுப்பாட்டில் அவள் கதையைக் கேட்டுப் பாருங்கள். தன்னை நம்பி மடியில் தலைவைத்துத் தூங்கியவளை, நகைக்காகக் காட்டில் வைத்துக் கொன்றுபோடுகிறான் அவள் நேசித்தவன். பழிவாங்கத் திரும்பி வருகிறாள். கொன்றவனை நினைத்து ஊரில் யாருக்கும் பயமில்லை; செத்தவளைக் கண்டுதான் பயம்!

அப்புறம் பரிகாரம். மந்திரவாதம் தெரிந்த பாதிரியார் கடமற்றத்துக் கத்தனார், யட்சியின் உச்சந்தலையில் இரும்பாணி அறைந்து அடக்கினார் என்பது கேரளத்துக் கதை. நம் ஊர்களில் அது கதையோடு நிற்கவில்லை. 'பேய் பிடித்தவள்' என்று கொண்டுவரப்படும் பெண்ணின் உச்சிமுடியை மரத்தில் வைத்து ஆணி அடித்து, முடியை அறுத்துவிடுகிறார்கள். அப்படியொரு புளியமரத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். துருவேறிய ஆணிகள், ஒன்றிரண்டில் இன்னும் சுற்றிக்கிடந்த முடிக்கற்றை, ஆணியைச் சுற்றி வீங்கிப்போன பட்டை. அந்தப் பெண்கள் வீட்டில் அடிவாங்கினார்களா, பிள்ளை பெற்ற பிறகு தூக்கமில்லாமல் தவித்தார்களா என்று யாராவது கேட்டிருப்பார்களா?

இதே ஏழிலைப்பாலைதான் மேற்கு வங்கத்தின் மாநில மரம். ரவீந்திரநாத் தாகூரின் அப்பா தேவேந்திரநாத் தாகூர் தியானத்தில் அமர்ந்த மரத்தடியைச் சுற்றித்தான் சாந்திநிகேதன் எழுந்தது. அங்குள்ள விசுவபாரதி பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பின்போது கையில் கொடுத்துவந்தது இதன் இலைக்கொத்தைத்தான்.

மூச்சிரைப்பு உள்ள சிலருக்கு இந்த மணம் ஒத்துக்கொள்ளாது, உண்மைதான். ஜன்னலோரம் நட வேண்டாம். ஆனால் நன்றாக நிற்கிற மரத்தை, யட்சி குடியிருக்கிறாள் என்று சொல்லி வெட்ட ஆள் கூப்பிடாதீர்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்வதானால் சுண்ணாம்பிலிருந்து தொடங்க வேண்டாம். தூங்குகிறவளின் நகையை அவன் கழற்றிய இடத்திலிருந்து தொடங்குங்கள்.