கோட்டும் கோட்டையும்

வக்கீலாக இருந்து எம்.எல்.ஏ. ஆனவர் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட வேண்டும், வழக்காடக் கூடாது என்று ஒரு கட்டுரை படித்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லையே. வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி 49 தடுப்பது முழுநேரச் சம்பள ஊழியரைத்தான். சட்டமன்ற உறுப்பினர் அந்தக் கணக்கில் வரமாட்டார் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

எங்கள் தொல்லை வேறு. தேவகோட்டையில் பூர்வீக வீடு, பங்காளிகள் ஏகப்பட்ட பேர், வீட்டின் முன்பகுதியான முகப்பு யாருக்கு என்று வழக்கு. எங்கள் வக்கீல் தேர்தலில் ஜெயித்ததும் அப்பச்சி வெடி போடாத குறைதான். அப்புறம் பார்த்தால், சபை கூடினாலும் வாய்தா, தொகுதியில் துக்கம் என்றாலும் வாய்தா. ஜூனியர் வந்து தலையைச் சொறிவார். ஆனால் மசோதாவை முழுக்கப் படித்துவிட்டுப் பேசுகிற ஆள் அவர், அதையும் சொல்ல வேண்டும். முகப்பு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.