ஆரோ தோற்ற விமானம் அல்ல

சனிக்கிழமை மேடையில் நடந்ததை மண்டபத்தில் இருந்து பார்த்தவர்களும், பிறகு பகிரப்பட்ட காணொளியில் பார்த்தவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆகவே அதை மறுபடி விவரிக்கவில்லை. பேசியவர் படித்தவர், பொதுக்காரியங்களில் உழைப்பவர், அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் மாணவர்களுக்கு அறிவுரை சொல்லும் வேகத்தில், பேராசைப்பட்டுத் தோற்றுப்போன திட்டத்துக்கு உதாரணமாக, 1950களில் கனடா செய்த அவ்ரோ ஆரோ போர் விமானத்தை அவர் இழுத்ததும், அதற்குக் கைதட்டல் எழுந்ததும் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆரோ தோற்கவில்லை. நன்றாகப் பறந்துகொண்டிருந்த ஒரு விமானத்தை அரசாங்கம் நிறுத்தியது. தோற்பது வேறு, நிறுத்தப்படுவது வேறு.

1953இல் கனடிய விமானப்படை கேட்டது என்னவென்று பாருங்கள். வட துருவம் வழியாக வரக்கூடிய சோவியத் குண்டுவீச்சு விமானங்களை எந்தக் காலநிலையிலும் இடைமறிக்க வேண்டும். 50,000 அடி உயரத்தில், ஒலியைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில், வேகமும் உயரமும் குறையாமல் திரும்ப வேண்டும். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் தேடிப் பார்த்தும் அப்படி ஒரு விமானம் கிடைக்கவில்லை. ரொறன்ரோவுக்கு அருகே மோல்ரனில் இருந்த அவ்ரோ நிறுவனம் அதைச் செய்ய முன்வந்தது. மாதிரி விமானங்களைக் கையால் செய்து பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, முதல் விமானத்தையே உற்பத்திக்கான அச்சுகளிலும் தாங்கிகளிலும் கட்டினார்கள். 1957 அக்டோபர் 4ஆம் திகதி அது வெளியே கொண்டுவரப்பட்டது. அதே நாளில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதால் உலகத்தின் கண் அங்கே போய்விட்டது. 1958 மார்ச் 25இல் யானுஷ் சூரகோவ்ஸ்கி அதை முதன்முதலாக 35 நிமிடங்கள் ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவுக்காகப் பறந்துவிட்டு, சொந்தப் போலந்துக்குத் திரும்பாமல் இங்கு வந்து சேர்ந்தவர் அவர். நாட்டை விட்டு வந்தவர்கள் கூடியிருந்த மண்டபத்தில் அந்த மனிதரின் பெயர்கூடச் சொல்லப்படவில்லை.

ஏழாவது பறப்பிலேயே அது மணிக்கு 1,000 மைலைத் தாண்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் மாக் 1.9ஐயும், அதாவது ஒலியின் வேகத்தைப் போல 1.9 மடங்கையும், கடந்தது. அதுவும் தனக்கென வடிவமைக்கப்பட்ட இராகுவா எஞ்சின் இல்லாமல், தற்காலிகமாகப் பொருத்திய அமெரிக்க ஜே75 எஞ்சின்களைக் கொண்டு. தரையிறங்கும்போது இரண்டு தடவை சக்கரப் பகுதியில் சிக்கல் வந்தது உண்மை. இரண்டு விமானங்களும் திருத்தப்பட்டன, எந்த விமானியும் உயிரிழக்கவில்லை. தோல்வி என்று சொல்பவர்கள், எந்தப் பறப்பில் எது தோற்றது என்று ஒன்றையாவது காட்டட்டும்.

செலவு அதிகம் என்பீர்கள். அதிகம்தான், மறுக்கவில்லை. ஏவுகணைக் காலம் வந்துவிட்டது, குண்டுவீச்சு விமானங்களை இடைமறிக்கும் தேவை போய்விட்டது என்பது இன்னொரு வாதம். அன்றைய பிரதமர் டீஃபன்பேக்கரின் அரசும் அதைத்தான் சொன்னது. தேவை போய்விட்டதென்றால், 1961இல் அதே அரசு 66 வூடூ இடைமறிப்பு விமானங்களை அமெரிக்காவிடமிருந்து ஏன் வாங்கியது? குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்துவதற்கென்றே செய்யப்பட்ட பொமார்க் ஏவுகணைகளை ஏன் ஏற்றுக்கொண்டது? அந்தப் பொமார்க்குக்கு அணுகுண்டு முனை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில்தான் 1963இல் அந்த அரசே கவிழ்ந்தது. இந்த வரலாற்றை மறைத்துவிட்டு ஆரோவைப் பேராசை என்று சொல்வது நியாயமில்லை.

சரி, நிறுத்தியதில்கூட ஒரு நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அழித்ததில் என்ன நியாயம் இருந்தது? 1959 பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, திட்டம் கைவிடப்பட்டது. அவ்ரோவிலும், இராகுவா எஞ்சினைச் செய்த ஒரெண்டாவிலும் பதினான்காயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். பறந்த ஐந்து விமானங்களையும், இராகுவா எஞ்சினுடன் முடியும் தறுவாயில் இருந்த ஆறாவதையும் வெட்டித் துண்டாக்கினார்கள். வரைபடங்களையும் அச்சுகளையும்கூட விடவில்லை. அழித்தது இரகசியம் காக்க என்று ஒருவர் எழுதியிருந்தார். எஞ்சினையும் கருவிகளையும் கழற்றிவிட்டு ஒரு விமானத்தைக் கொட்டகையில் பூட்டி வைத்திருந்தால் எந்த இரகசியம் போயிருக்கும்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டிலும் கேட்கிறார்கள். நான் விமான உதிரிப்பாகங்களை அளந்து, சரிபார்த்துக் கையெழுத்திடும் வேலையில் இருந்தவன். நான் வேலை செய்த இடத்தில் ஒருமுறை மேலிடத்து முடிவால் ஓர் ஒப்பந்தம் நின்றது. குறையே இல்லாத, நானே சரியென்று கையெழுத்திட்ட பாகங்களின் மேல் சிவப்புச் சாயம் பூசி உடைக்கக் கொடுக்கும்படி சொன்னார்கள். அடுத்த வாரம் எங்களுக்கு லேஓஃப். உறவினர் ஒருவர் என் முகத்துக்கு நேரே, "உங்கட கொம்பனி சரியில்லைப் போல" என்றார். எங்கள் வேலையில் ஒரு நூலளவு பிழை இல்லை என்பதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? மோல்ரனில் அன்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் அதையேதான் கேட்டிருப்பார்கள்.

"வெள்ளைக்காரனின் போர் விமானத்துக்காக நீங்கள் ஏன் அழுகிறீர்கள்" என்று கேட்பவருக்கும் சொல்கிறேன். குண்டு பொழிவதைக் கண்டு வந்த எனக்குப் போர் விமானத்தின் மேல் ஆசை எதுவும் இல்லை. நான் பேசுவது அதைச் செய்தவர்களைப் பற்றி. அவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லையென்றால், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா ஏன் அவர்களில் முப்பதுக்கு மேற்பட்டோரை அழைத்துக்கொண்டது? ஆரோவின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஜிம் சேம்பர்லின்தான் ஜெமினி விண்கலத்தின் வடிவமைப்பை முன்னின்று நடத்தினார். நிலவில் இறங்கிய கலத்தின் பொறியியலில் ஓவன் மேனார்டின் உழைப்பு இருக்கிறது. ஒரு நாடு வேண்டாம் என்ற ஆட்களை இன்னொரு நாடு நிலவுக்குப் போகப் பயன்படுத்தியது. இதற்குப் பிறகும் மாணவர்களிடம் இவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

எஞ்சியிருக்கும் ஆறாவது விமானத்தின் மூக்குப் பகுதி ஒட்டாவா விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மாணவர்களை அங்கே அழைத்துச் செல்ல ஒரு பேருந்து ஏற்பாடு செய்யச் சங்கத்துக்கு எழுதியிருக்கிறேன். செலவில் என் பங்கைத் தருகிறேன். மேடையில் பேசியவரும் வரவேண்டும் என்று பெயர் சொல்லியே கேட்டிருக்கிறேன்.