தை மாதம் போனாலும் கழற்றாத மஃப்ளர்

ஒன்பதாவது படிக்கும் மகளுக்காக ஆர். ஜே. பலாசியோவின் ‘வொண்டர்’ நாவலை வாங்கினேன். அவள் இரண்டே நாளில் முடித்துவிட்டாள். எனக்குப் பத்து நாள் ஆனது. அடிக்கடி மூடி வைக்க வேண்டியிருந்தது.

2012இல் வந்த நாவல். ஆகி என்ற பத்து வயதுப் பையனுக்கு முக எலும்புகள் சரியாக வளராத மரபணுக் கோளாறு. ட்ரீச்சர் காலின்ஸ் என்பார்கள். ஏறக்குறைய 50,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. 27 அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு, ஐந்தாம் வகுப்பில்தான் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கிறான். சின்ன வயதில் இரண்டு வருடம், எங்கே போனாலும் தலையில் விண்வெளி வீரர் ஹெல்மெட்.

அந்த ஹெல்மெட் வந்த பக்கத்தில்தான் முதல்முறை மூடி வைத்தேன். கோத்தகிரியில் என்னோடு படித்தவளுக்கு அது பச்சை மஃப்ளர். தவழும் வயதில் குளிர்காய வைத்திருந்த கரி அடுப்பில் விழுந்து, இடது கன்னமும் காதும் வெந்துபோயிருந்தன. உறைபனிக் காலம் என்றால் அவளுக்கு உயிர். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லோருமே கண் மட்டும் தெரியத்தானே நிற்போம், யாரும் அவளைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆகிக்கு ஹாலோவீன் பிடிப்பதும் அதனால்தான், அன்று ஊருக்கே முகமூடி. மார்ச்சில் வெயில் ஏறி நாங்கள் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொள்வோம். அவள் மஃப்ளரைக் கழற்ற மாட்டாள்.

நாவலில் பிள்ளைகள் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். ஆகி மேல் கை பட்டால் 30 நொடிக்குள் கழுவிவிட வேண்டும். அமெரிக்கப் பள்ளியில் நடக்கிற கதைதான். ஆனால் தொட்டால் கை கழுவுவது என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம்.

கெட்டவனாக வருகிற ஜூலியனை வெறுப்பது சுலபம். என்னைத் தூங்கவிடாதவன் ஜாக்தான். நல்ல பையன், ஆகியின் நண்பன். மற்றவர்கள் முன்னால் மட்டும் அவனைக் கேவலமாகப் பேசிவிடுகிறான். முகமூடிக்குள் இருந்தபடி ஆகி அதைக் கேட்டுவிடுகிறான்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி என்னிடம், “எப்படிடி அவ பக்கத்துல உக்காந்து சாப்பிடுற?” என்றாள். “டீச்சர் உக்கார வச்சுட்டாங்க, அதான்” என்றேன். டீச்சர் அப்படிச் சொல்லவே இல்லை. பின்னால் குழாயடியில் அவள் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

ஜாக் மன்னிப்பு கேட்கிறான். நான் கேட்கவில்லை. அந்த வருடத்தோடு அவள் படிப்பை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் ஆகிக்கு மெடல் கொடுத்து எல்லோரையும் எழுந்து கைதட்ட வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. மெடல் வாங்காத பிள்ளை பக்கத்தில் உட்காரவும் ஆள் வேண்டும். முதல் நாள் மதியம் யாரும் சொல்லாமலே தட்டோடு ஆகியின் மேஜைக்கு வந்து உட்காருகிறாளே சம்மர், அந்த இடமே எனக்குப் போதும். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் சொல்லுங்கள், ஜாக் பகுதியை விட்டுவிடாமல். அழகு முக்கியமில்லை என்று பிள்ளைகளிடம் நூறு தடவை சொல்லியாயிற்று. குழாயடியில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

அந்த ஹெல்மெட்டை வீசியது தான்தான் என்று அப்பா கடைசியில் ஒத்துக்கொள்கிறார். மகன் முகத்தை அது மறைத்துவிட, அந்த முகத்தைப் பார்க்க ஏங்கினாராம்.

அவள் வீட்டுக்கு ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த அவள் அம்மா, வாசலிலேயே மஃப்ளரை இறக்கிவிட்டு, தேயிலைக் கறை படிந்த விரலால் அந்த இடது கன்னத்தைத்தான் முதலில் தொட்டார்.