தேய்மானம் பணம் கொண்டுவருகிறதா?

பணப்பாய்வு அறிக்கையில் (பணம் வந்ததையும் போனதையும் காட்டும் அறிக்கை) தேய்மானம், அதாவது இயந்திரம் போன்றவற்றின் விலையில் ஆண்டுதோறும் செலவாகக் கழிக்கும் பங்கு, லாபத்தோடு கூட்டப்படுவதால் அது நிறுவனத்துக்குப் பணம் தரும் வழி என்றும், தேய்மானத்தை உயர்த்தினால் கையிருப்பு உயரும் என்றும் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே ஏற்றிருப்பதால் இதை எழுதுகிறேன்.

தேய்மானத்தால் பணம் உள்ளே வருவதில்லை. இயந்திரத்தை வாங்கிய அன்றே பணம் வெளியேறிவிட்டது. பிறகு ஆண்டுதோறும் லாபத்திலிருந்து கழிப்பது வெறும் ஏட்டுப் பதிவுதான். கழித்ததைத் திரும்பக் கூட்டுகிறோம், அவ்வளவே.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ரொக்க விற்பனை 1,000, ரொக்கச் செலவு 600, தேய்மானம் 100. லாபம் 300, தேய்மானத்தைக் கூட்டினால் 400. இப்போது தேய்மானத்தை 200 ஆக்குங்கள். லாபம் 200 ஆகக் குறைகிறது; கூட்டினால் அதே 400!

நண்பர் சொன்னதில் ஓரளவு உண்மை வரியில் இருக்கிறது. வரிக்கணக்கிலும் அதே தேய்மானம் ஏற்கப்பட்டு, வரி 25 சதவீதம் என்றால், முதல் கணக்கில் வரி 75, இரண்டாவதில் 50. கையில் நிற்பது 325, 350. கூடுதலான அந்த 25 வரியில் மிச்சமானது. தேய்மானம் ஈட்டியது அல்ல.

இன்னொரு சோதனையும் உண்டு. சர்வதேசக் கணக்கியல் தரநிலை 7 அனுமதிக்கும் நேரடி முறையில், வாடிக்கையாளரிடம் பெற்றதும் பிறருக்குச் செலுத்தியதும் மட்டுமே, அன்றாடத் தொழிலின் பணத்தைக் காட்டும் செயல்பாட்டுப் பகுதியில் வரும். அங்கே தேய்மானம் என்ற பதிவே இருக்காது. ஆனாலும் மொத்தம், லாபத்தில் தொடங்கித் தேய்மானத்தைக் கூட்டும் மறைமுக முறையில் வருவதுதான்.