அக்கானி சீசனும் ஆப் கம்பெனி மெயிலும்

ஆன்லைனில் விற்கிற நாலு பேர் ஒன்று கூடினால் பேச்சு கமிஷனில்தான் போய் நிற்கும். இவன் எவ்வளவு பிடிக்கிறான், அவன் எவ்வளவு பிடிக்கிறான். எனக்கு அந்தப் பேச்சு அலுத்துவிட்டது. எத்தனை சதவீதம் பிடித்தாலும் முன்னமே தெரிந்தால் விலையில் ஏற்றிக்கொள்ளலாம், கட்டுப்படியாகாவிட்டால் விற்காமல் இருக்கலாம். சரக்கு வாங்கிப் பணம் முடங்கிய பிறகு ஆப் கம்பெனிக்காரர்கள் விதியை மாற்றுகிறார்களே, அதற்குத்தான் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து விற்பது கருப்பட்டி, தேன், பனை ஓலைப் பெட்டி. மூன்றுமே நம் இஷ்டத்துக்கு வருகிற சரக்கு இல்லை. ரப்பர் இலை கொட்டி, புதுத் துளிர் விடும் மாசி, பங்குனியில்தான் நம்ம மாவட்டத்தில் தேன் எடுப்பு. அக்கானி (வெளியூர் நண்பர்களுக்கு: பதனீர்) பங்குனி, சித்திரையில் நன்றாக ஊறும்போது காய்ச்சிய கருப்பட்டியைத்தான் வருஷம் முழுக்க விற்க வேண்டும். ஆனி மழை பிடித்துவிட்டால் கருப்பட்டி கசியத் தொடங்கும். அதற்குள் வாங்கி, காயவைத்து, அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிட வேண்டும். பனையேறுகிறவர்கள் குறைந்துபோன காலத்தில் முன்பணம் கொடுக்காமல் கலப்படமில்லாத சரக்கு யாரும் தரமாட்டார்கள். ஆக, ஒரு வருஷத்து முதலை இரண்டு மூன்று மாதத்தில் கொட்டிவிட்டு, மிச்ச மாதங்களில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுக்கிற வியாபாரம் இது. குடோன் வைத்து போன் கவர் விற்பவருக்கு இந்தக் கஷ்டம் புரியாது. அவருக்கு இன்று கட்டணம் ஏறினால் நாளைக்கு வேறு சரக்கு.

போன தீபாவளிக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஆப் என்று கேட்காதீர்கள், என் கடை இன்னும் அதில்தான் இருக்கிறது. ஓலைப் பெட்டிக்குள் ஒரு கிலோ கருப்பட்டி வைத்துப் பரிசுப் பெட்டியாக விற்றோம். பெட்டி முடைகிற அக்காமாருக்கு ஆடியிலேயே முன்பணம் கொடுத்தாயிற்று. குருத்தோலை வெட்டி, காயவைத்து, சாயம் ஏற்றி, முடைந்து முடிக்க அத்தனை நாள் ஆகும். புரட்டாசியில் ஒரு மெயில்: அடுத்த வாரம் முதல் அனுப்பும் கட்டணம் நிஜ எடையிலோ, அளவு எடையிலோ எது கூடுதலோ அதன்படி.

அளவு எடை என்றால், பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருவது கிலோ. எங்கள் பெட்டி 30, 30, 20. பெருக்கினால் 18,000. வகுத்தால் 3.6 கிலோ. தராசில் வைத்தால் ஒன்றரைக் கிலோ தாண்டாது. கூரியர்காரனுக்கு வண்டியில் இடம்தான் காசு, அந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. ஆடி மாசமே சொல்லியிருந்தால் பெட்டியைத் தட்டையாக, சின்னதாக முடையச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான் விஷயம். முடைந்து முடித்த பெட்டியை என்ன செய்வது? திருவிழா விற்பனைக்கு என்று விலையை ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று, அது முடியும்வரை விலையைத் தொட முடியாது. உதவி மையத்தில் கேட்டால், ‘விதிமுறைப் பக்கத்தைப் பார்க்கவும்’ என்று அந்தப் பக்கத்தின் இணைப்பையே திரும்ப அனுப்பினார்கள்.

எனக்குக் கருப்பட்டி தருகிற பனையேறி அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது: “மக்கா, வடசேரி சந்தையில கடை வாடகை ஏத்துதவன்கூட ஒரு மாசம் முந்திச் சொல்லுவான். இவனுக்கு என்ன அவசரமாக்கும்?” எனக்குப் பதில் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. நாம் வாய்க்கு வந்தபடி திட்டுகிற அரசாங்கம் இந்த விஷயத்தில் தேவலை. ஆன்லைன் தளம் வழியாக விற்கிற சின்ன வியாபாரி, விற்பனை எவ்வளவு குறைவானாலும் ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தே ஆக வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்பவர்களுக்கு, வருஷ விற்பனை 40 லட்சம் ரூபாய் வரம்புக்குள் இருந்தால், அதைத் தளர்த்தினார்கள். அறிவிக்கை வந்தது 2023 ஜூலை 31, அமல் அக்டோபர் 1. தளங்கள் நம் பணத்தில் பிடிக்கிற வருமான வரி 1 சதவீதத்திலிருந்து 0.1 ஆகக் குறைந்ததும் அப்படித்தான்: 2024 ஜூலை பட்ஜெட்டில் சொன்னார்கள், அக்டோபர் 1 முதல் அமல். நமக்குச் சாதகமான மாற்றத்துக்கே இரண்டு மாத அவகாசம். பாதகமான மாற்றத்துக்கு ஆப் கம்பெனி கொடுப்பது ஒரு வாரம்.

அந்த ஜி.எஸ்.டி. தளர்வு குமரி மாவட்டத்துக்காரனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது தனிக் கதை. பதிவு இல்லாமல் இங்கிருந்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சென்னைக்கு விற்கலாம். களியக்காவிளையைத் தாண்டியதும் வருகிற பாறசாலைக்கு விற்கக் கூடாது, அது கேரளா, வேறு மாநிலம். நம்ம கருப்பட்டிக் காப்பியின் ருசி தெரிந்த ஆட்கள் பாதிப்பேர் அந்தப் பக்கம்தான். 1956 நவம்பர் 1-ல் போட்ட மாநில எல்லைக் கோடு இன்றைக்கு என் ஆர்டர் பட்டியலின் குறுக்கே ஓடுகிறது! கடைசியில் பதிவு எடுத்துவிட்டேன், ஆடிட்டர் செலவோடு. சரி, அது இருக்கட்டும்.

விதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. உணவுப் பொருளுக்கு விதி இன்னும் கடுமையாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். சீனி கலந்து காய்ச்சியதைச் சுத்தக் கருப்பட்டி என்று பாதி விலைக்குப் போடுகிறவன் என் பொருளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறான், தேடுபவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு வட்டம். வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரத்தில் உணவுப் பொருளின் ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஆன்லைன் நிறுவனங்களிடம் சொன்னபோது நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற கூட்டாளிகள் சிலர் புலம்பினார்கள். நான் அவர்கள் பக்கம் பேசவில்லை. காறல் எடுத்த சிப்ஸை எவரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

‘இப்பதான் கமிஷனே கிடையாதே’ என்று சிலர் கேட்கலாம். மீஷோ 2021-ல் விற்பவர்களுக்குக் கமிஷனை எடுத்துவிட்டது. அமேசான் 2025 ஏப்ரல் 7 முதல் 300 ரூபாய்க்குக் குறைந்த பொருட்களுக்குப் பல வகைகளில் கமிஷனை எடுத்துவிட்டது. நல்லதுதான், நானும் ஒரு கிலோவை அரைக் கிலோவாக உடைத்து அதற்குள் நுழைந்தேன். ஆனால் அனுப்பும் செலவு, திரும்பி வந்த பார்சலின் செலவு, பட்டியலில் மேலே தெரிய விளம்பரச் செலவு என்று வேறு வாசல்கள் இருக்கின்றன. தவிர, அறிவிப்பில் வந்த சலுகை அறிவிப்பில் போகும். அதை நம்பிப் பொட்டல அளவையே மாற்றி அச்சடித்த கவர்கள் என் வீட்டில் மூட்டையாகக் கிடக்கின்றன. போகும் நாளை எனக்கு எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள் என்பதுதான் கேள்வி.

விதியை மாற்றினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் மின்வணிகம் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஒப்பந்த விதிகளை மாற்றினால் விற்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், நியாயமான அவகாசம் முடியும்வரை அமல்படுத்தக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் தளங்கள் தாங்களாகவே கடைப்பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே விஷயம் 2020 ஜூலை 12 முதல் சட்டம்: விதியை மாற்ற குறைந்தது 15 நாள் அவகாசம், மாற்றத்துக்குத் தகுந்தபடி விற்பவர் பெரிய ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தால் இன்னும் கூடுதல். கணக்கை முடக்கினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நம் நாட்டு 2020 மின்வணிக விதிகளில், வாங்குபவர் புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு என்று இருக்கிறது. வேண்டியதுதான். விற்கிற பக்கத்துக்கும் ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

எனக்கு 15 நாள்கூடப் போதாது. உணவு, கைவினை, விளைபொருள் மூன்றுக்கும் கட்டணம், எடை, திரும்ப எடுக்கும் விதி எதை மாற்றினாலும் 90 நாள் வேண்டும். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட திருவிழா விற்பனை முடியும்வரை பழைய விதியே ஓட வேண்டும். கணக்கை முடக்கினால் எந்தப் பொருள், என்ன குறை என்று மனுஷ பாஷையில் தமிழிலும் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன்.

‘பிடிக்கலைன்னா வெளியே போ, சொந்தமா வெப்சைட் போடு’ என்று கமெண்டில் வரும், தெரியும். வெப்சைட்டும் இருக்கிறது, வாட்ஸ்அப் பட்டியலும் இருக்கிறது, பழைய வாடிக்கையாளர்கள் அதில்தான் வாங்குகிறார்கள். புது ஆள் தேடுவது ஆப்பில். இத்தனை வருஷம் வாங்கியவர்கள் எழுதிவைத்த மதிப்புரைகளை நான் வெளியே போகும்போது எடுத்துக்கொண்டு போக முடியாது. என் சரக்குக்குக் கிடைத்த நல்ல பேர் அவர்கள் வீட்டில் அடகு கிடக்கிறது. அதனால்தான் ஒரு வார அவகாசத்துக்கும் தலையாட்டுகிறோம்.

வரும் சீசனுக்கு முன்னால் மாவட்ட ஆட்சியரிடமும் மாவட்டத் தொழில் மையத்திலும் மனு கொடுக்கலாம் என்று நாங்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆட்சியர் கையில் இதற்கு அதிகாரம் இல்லை என்பது தெரியும், மேலே அனுப்பச் சொல்லிக் கேட்கப்போகிறோம். வாய்ப்பேச்சாகப் போனால் யாரும் மதிக்கமாட்டார்கள். குமரி மாவட்டத்திலிருந்து விற்பவர்கள் கமெண்டில் மூன்று விவரம் மட்டும் எழுதுங்கள்: என்ன விதி மாறியது, மெயில் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதி முதல் அமல். ஆப் பெயரை இங்கே போட வேண்டாம், இன்பாக்ஸில் சொன்னால் போதும். மெயிலின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் ரொம்ப நல்லது, வாங்கியவர்களின் முகவரியும் போன் நம்பரும் தெரியாமல் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.