வெயில்னா காத்தக் குறைக்கணும்னு யாருவே சொன்னா?

பங்குனி பொறந்தாப் போதும், ஆளாளுக்கு ஒரே பாட்டு. "வெயில் கொளுத்துது அண்ணாச்சி, டயர்ல நாலு பாயிண்டு கம்மியா வையுங்க, இல்லாட்டி வெடிச்சிரும்." கேக்கக் கேக்க வயிறு எரியுது. வெடிக்கதே அதனாலதான்வே!

காத்து கம்மியான டயர் ஒவ்வொரு சுத்துக்கும் தரையில அமுங்கி, சைடு மடங்கி நிமிருது. கம்பிய முன்னும் பின்னும் வளைச்சிக்கிட்டே இருந்தா கை சுடும்லா? அதேதான். நாங்குநேரி நாலுவழிச் சாலையில 100ல போற காருக்கு நிமிஷத்துக்கு 800 தடவைக்கு மேல இந்த மடங்கல். அந்தச் சூட்டுலதான் உள்ள இருக்க நூலும் ரப்பரும் பிரியுது.

டிரைவர் கதவத் தொறந்தா தூண்ல, காத்து எவ்வளவு வைக்கணும்னு ஸ்டிக்கர் இருக்கும். அதுல 33 பாயிண்டுன்னு போட்டிருக்குன்னு வச்சுக்கிடுங்க. அது ஓடாம ஆறிக் கெடக்க டயருக்கான கணக்கு. மதுரையில இருந்து கங்கைகொண்டான் வர ஓடி வந்த டயர் 37 காட்டத்தான் செய்யும், கம்பெனிக்காரன் அதையும் சேத்துத்தான் 33ன்னு போட்டிருக்கான். பங்க்ல நிக்க தம்பி 37ஐப் பாத்துப் பதறி, புஸ்ஸுனு 33க்கு எறக்கி விடுதான். நாமளும் பத்து ரூவா குடுத்துட்டு வாரோம். ராத்திரி டயர் ஆறினா 29. மறுநாள் அதே வண்டியில 5 பேரு, டிக்கி நெறைய சாமான், கன்னியாகுமரி! பல வண்டி ஸ்டிக்கர்ல ஆள் நெறைஞ்சா 33க்கும் மேல வைக்கணும்னு போட்டிருக்கு, யாரு வாசிக்கா?

காலையில பாருங்க. வண்டி 3 மணி நேரமாவது நின்னுருக்கணும், பங்க் 2 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். தூரம்னா மீட்டர் வச்ச கால் பம்பு ஒண்ணு வாங்கிப் போடுங்க. 2 வாரத்துக்கு ஒருக்க, ஸ்டெப்னியும் சேத்து. டயர் சைடுல அச்சடிச்சிருக்க எண் அந்த டயர் தாங்குத உச்சம், அதப் பாத்து அடிக்காதீங்க.

வெயிலுக்குப் பயந்தா அதே சைடுல 4 எண்ணு இருக்கும் பாருங்க. 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. வருஷக்கணக்கா வெயில்ல கெடந்து மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தா, தரையில படுத பட்டன் மேடு எவ்வளவு இருந்தாலும் கழட்டிருங்க.

பைக்குக்காரங்களுக்கு உடைமுள்ளு. டியூபுக்கு ஒட்டுப் போட்டு அப்படியே மாட்டி அனுப்புதாங்க, மறுநாளே பஞ்சர். முள்ளு நுனி டயருக்குள்ள ஒடிஞ்சி நிக்கும்வே, கண்ணுக்குத் தெரியாது. கையில பழைய துணியச் சுத்தி டயர் உள்பக்கம் ஒரு முழுச் சுத்துத் தடவணும். எங்க துணி இழுக்கோ அங்க குறடு வச்சுப் பிடுங்கணும். அது முடியாம டியூப உள்ள திணிக்க விடாதீங்க.